பட்டம் பெறாத கல்லூரி முதல்வர் ஜி.டி. நாயுடு

ஜொகூர் பாரு – எஸ்பிஎம் தேர்வு முடிவு வந்ததும் நம் வீடுகளில் வழக்கமான ஒரு பேச்சு எழும். நிறைய ‘ஏ’ வாங்கிய பிள்ளைக்குப் பல்கலைக்கழகம். வாங்காத பிள்ளையை வெல்டிங், ஒயரிங், கார் பழுதுபார்ப்பு என ஏதாவது ஒன்றுக்கு அனுப்பிவிடலாம் என்பார்கள். பாசிர் கூடாங்கிலேயே அரசாங்கத்தின் தொழிற்பயிற்சிக் கழகம் இருந்தும், தோட்டத்திலிருந்து வந்த குடும்பமானாலும் பட்டணத்துக் குடும்பமானாலும் அதை வேறு வழி இல்லாதவர்களின் இடமாகத்தான் பலர் பார்க்கிறார்கள். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவோ தொழிலைத்தான் முதலில் வைத்தார்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23ஆம் தேதி கோவைக்கு அருகில் உள்ள கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர் முகத்தில் மண்ணை வாரி வீசியதாகக் கூடச் சொல்வார்கள். (இதை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லாமல் விடலாம்.) தொடக்கக் கல்வியைத் தாண்டாமல் படிப்பு நின்றது, தோட்டத்தில் வேலை பார்த்தார்.

அந்தக் காலத்தில் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஊருக்குள் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஓடிய அந்த வண்டி இளைஞர் துரைசாமியின் மனத்தில் தங்கிவிட்டது. அப்பாவிடம் பணம் கேட்டு நிற்காமல் கோவைக்குப் போய் ஓர் உணவகத்தில் மேசை துடைத்து, உணவு பரிமாறி, ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் காசு சேர்த்தார். சுமார் 300 ரூபாய் சேர்ந்ததும் அதே போன்ற வண்டியை வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, மறுபடியும் பூட்டினார். அவருடைய தொழிற்பள்ளி அதுதான். ஆசிரியரும் மாணவரும் அவர் ஒருவரே.

பிறகு பம்பாயில் பஞ்சு வணிகம் செய்து கையைச் சுட்டுக்கொண்டு திரும்பினார். 1920இல் ஸ்டேன்ஸ் நிறுவனத்து ஆங்கிலேயரின் உதவியோடு ஒரே ஒரு பேருந்து வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அதுவே யூ.எம்.எஸ். நிறுவனமாக வளர்ந்து, 1933 வாக்கில் 280 பேருந்துகளாகப் பெருகியது. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டில் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டாரை உருவாக்கினார். இன்று கோவை மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர் பெற்ற ஊராக இருப்பதில் அந்தப் பட்டறைக்கும் பங்கு உண்டு.

பணம் வந்த பிறகு அவர் செய்ததுதான் நம் பெற்றோர் கவனிக்க வேண்டியது. 1945இல், சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் ஆர்தர் ஹோப்பின் பெயரில், அவருடைய நன்கொடையில் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு பொறியியல் கல்லூரியும் தொடங்கப்பட்டன. கல்லூரிக்கு முதல்வராகவும் அவரே அமர்ந்தார். ஒரு பட்டம்கூட இல்லாதவர், பட்டதாரிகளை உருவாக்கும் நாற்காலியில்!

அதிக நாள் அங்கே நீடிக்கவில்லை. அரசாங்கம் நான்கு ஆண்டுப் படிப்பு வேண்டும் என்றது. அது மாணவர்களின் காலத்தை வீணாக்கும், இரண்டே ஆண்டில் அதே பாடத்தைக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று அவர் வாதாடினார். அரசாங்கம் இறங்கி வரவில்லை. தம் பணம் போட்டு வளர்த்த கல்லூரியின் பதவியை விட்டு அவர் விலகினார்.

அவர் வாதத்தை அப்படியே இன்றைக்குப் பொருத்த முடியாது. முறையான சான்றிதழ் இல்லாத ஒயர்மேனை நம் நாட்டில் யாரும் வேலைக்கு வைக்கமாட்டார்கள். உயிர் சம்பந்தப்பட்ட வேலை அது. ஆனாலும், பதினெட்டு வயதுப் பையனின் ஓர் ஆண்டுக்கு விலை உண்டு என்று பதவியைத் தூக்கிப் போட்டவர் அவர். ஆர்வமே இல்லாத டிப்ளோமாவில் பிள்ளையைச் சேர்த்து, பிடிபிடிஎன் கடனை மட்டும் மிச்சமாக்கும் வீடுகளில் இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

எடுத்ததெல்லாம் அவருக்குக் கைகூடவும் இல்லை. 1952இல் 2,000 ரூபாய் விலையில் இரண்டு பேர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். உரிமம் கிடைக்காததால் உற்பத்தி நின்றுபோனது.

1974 ஜனவரி 4ஆம் தேதி, 80ஆவது வயதில் அவர் காலமானார். அவர் தொடங்கிய கல்லூரி அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் கோவை தடாகம் சாலையில் இயங்குகிறது. அங்கே இளநிலைப் பொறியியல் படிப்புக்கு இன்றும் நான்கு ஆண்டுகள்தான்.