அகக்கண் பெற்ற ஓவியர்

ஓவியக் கலைக்குக் கண்ணே முதற்கருவி என்பது உலகோர் கருத்து. ஆயினும், பிறவியிலேயே ஒரு கண் ஒளியிழந்து, மற்றொரு கண்ணும் மங்கிய நிலையில் தூரிகை ஏந்திய ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். பின்னர் முற்றும் பார்வை இழந்தபோதும் அவர் கலையைக் கைவிட்டாரல்லர். அவரே வங்கம் ஈன்ற வினோதபிகாரி முகர்ஜி ஆவார்.

அவர் 1904ஆம் ஆண்டு கொல்கத்தாவை அடுத்த பெகாலாவில் பிறந்தார். பார்வைக் குறைவினால் ஏனைய சிறுவரைப்போல் ஒழுங்காகப் பள்ளியில் பயில அவரால் இயலவில்லை. சாந்திநிகேதனத்தை அடைந்த அவர், 1919இல் அங்குள்ள கலாபவனத்தில் ஓவியம் பயிலப் புகுந்தார். கண் தெளிவில்லாத சிறுவன் ஓவியனாதல் கூடுமோ என்று ஆசிரியர் நந்தலால் போஸ் ஐயுற்றார். ஊக்கத்தோடு அமர்ந்து பணிபுரிவானாயின் அவனை விலக்குதல் வேண்டா என்பது கவியரசர் தாகூரின் முடிவாயிற்று. அம்முடிவு நாட்டிற்கு ஒரு பெருங்கலைஞரைத் தந்தது.

ஏனைய மாணவரோடு ஒருங்கிருந்து பயின்ற முகர்ஜி, பின்னர் அங்கேயே ஆசிரியரும் ஆனார். 1946, 1947ஆம் ஆண்டுகளில் இந்தி பவனத்தின் மூன்று சுவர்களில் அடியார்களின் வாழ்க்கையைத் தீட்டினார். சுண்ணச் சாந்து உலர்வதற்குள் வண்ணம் ஏற்றவேண்டிய அரிய முறை அது. பிழை நேர்ந்தால் சாந்தைப் பெயர்த்தெடுத்து மீண்டும் பூசவேண்டும். நெருங்கி நின்றாலன்றித் தெளிவாகக் காண இயலாத அவர், நெடுஞ்சுவர் முழுவதையும் உள்ளத்தில் அமைத்துக்கொண்டே வரைந்தார். நம் தமிழகத்து இராமாநுசரும், கபீரும், துளசிதாசரும், பார்வையற்ற பாவலர் எனப் போற்றப்பெறும் சூர்தாசரும் அச்சுவர்களில் இடம்பெற்றனர்.

1957ஆம் ஆண்டளவில் கண்ணில் செய்த அறுவை பயனளிக்காமல், எஞ்சியிருந்த பார்வையும் மறைந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. பேரிடியெனத் தாக்கிய அத்துன்பத்திலும் அவர் சோர்ந்து ஒடுங்கவில்லை. மாணவர்க்குக் கலை வரலாறு கற்பித்தார். மெழுகில் சிற்பங்கள் செய்தார். வண்ணத் தாள்களைத் தடவி அறிந்து, வெட்டி ஒட்டி, புதிய ஓவியங்களை ஆக்கினார்.

திசையன்விளை வட்டாரத்தில் பனையோலை முடைவோரைப் பாருங்கள். பேச்சு ஒருபுறம் நிகழ, விரல்கள் தாமே ஓலையை மடக்கிப் பெட்டி ஆக்கும். பழகிய கைக்கும் ஓர் அறிவு உண்டு. முகர்ஜியின் விரல்களும் அவ்வாறே தாளை மடித்து மனித உருவங்களைப் படைத்தன. 1972இல் கலாபவனத்துச் சுவரில் ஓடுகளால் ஒரு பெரிய ஓவியத்தையும் அவர் அமைத்தார். அவர்தம் மாணவரான சத்யஜித் ராய், அதே ஆண்டில் ஆசிரியரின் வாழ்வைத் திரைப்படமாக்கினார். 1974இல் பத்ம விபூஷண் விருது அவரைச் சேர்ந்தது. 1980இல் அவர் மறைந்தார்.

சாந்திநிகேதனத்தில் அவர் படைப்புகள் தனியறையில் இரக்கத்தோடு ஒதுக்கப்படவில்லை. பார்வையுடைய கலைஞர்களின் படைப்புகள் விளங்கும் அதே வளாகத்தில் அவையும் விளங்குகின்றன. நெல்லைச் சீமையிலும், பார்வையற்றோர்க்கும் செவித்திறன் அற்றோர்க்கும் பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளிகள் தோன்றின. அத்தகைய மாணவரும் நம் ஊர்ச் சிறுவரும் செய்த கலைப்பொருள்களை ஒரே அரங்கில், ஒரே வரிசையில் வைத்தல் நம் கடமையாகும். காண்போர் முதலில் கலையைக் காணட்டும். செய்தவர் குறையைப் பின்னர் அறிந்தால் போதும்.