லியோ பெண்டர்

கிளாரன்ஸ் லியோனிடாஸ் பெண்டர் (ஆகஸ்ட் 10, 1909 – மார்ச் 21, 1991) மின்கிதார்களையும், ஆம்ப்ளிஃபையர் எனப்படும் ஒலிமிகைப்பிகளையும் வடிவமைத்த அமெரிக்கர் ஆவார். டெலிகாஸ்டர், ஸ்ட்ராடோகாஸ்டர் ஆகிய கிதார்கள் இவருடைய படைப்புகளாகும். ஆயினும் இவர் கிதார் வாசிக்கக் கற்றதில்லை.

வாழ்க்கைக் குறிப்பு

கலிபோர்னியாவில் பிறந்த பெண்டர் கணக்கியல் பயின்றவர். 1938 இல் புல்லர்டன் நகரில் வானொலி பழுதுபார்க்கும் கடையைத் தொடங்கினார். இசைக்கலைஞர்கள் தம் ஒலிமிகைப்பிகளையும் அங்கே கொண்டுவந்தனர். 1946 இல் பெண்டர் நிறுவனத்தை உருவாக்கினார். 1965 இல் அந்நிறுவனம் 13 மில்லியன் டாலருக்குச் சி.பி.எஸ். நிறுவனத்திடம் விற்கப்பட்டது.

ஒலிமிகைப்பிகள்

பழுதுபார்ப்பவரின் அனுபவம் இவரது வடிவமைப்பில் வெளிப்பட்டது. மின்தடைகளும் மின்தேக்கிகளும் ஒரே பலகையில் வரிசையாக அமைக்கப்பட்டு, கையால் பற்றவைக்கப்பட்டன. எந்த இடத்தில் எந்த வால்வு பொருந்தும் என்பதைக் காட்டும் அட்டவணை பெட்டியின் உட்புறத்தில் ஒட்டப்பட்டது. வால்வுகளும் 6வி6, 6எல்6 போன்று சந்தையில் பரவலாகக் கிடைத்த வகைகளே.

இதனால் அக்காலக் கருவிகளை இன்றும் பழுதுபார்க்க முடிகிறது. பல ஆண்டுகளில் உலர்ந்துபோகும் மின்பகு மின்தேக்கிகளுக்கு, அதே கொள்ளளவும், குறையாத மின்னழுத்தத் தாங்குதிறனும் கொண்ட புதியவை பொருத்தப்படுகின்றன. இவ்வகை வால்வுகள் சிலோவாக்கியா, உருசியா போன்ற நாடுகளில் தொடர்ந்து தயாரிக்கப்படுகின்றன.