ஓமந்தூரார்

நெல் விளைக்கும் உழவர் முதலில் நாற்றங்காலில் விதைப்பர். நாற்று அங்கேயே நின்றுவிடின், நெருக்கத்தால் நலிந்து பயனற்றுப் போகும். ஆதலின் உரிய நாளில் அதனைப் பறித்து வேறு வயலில் நடுவர். நட்ட நாற்று முதற் சில நாள் வாடி நிற்கும். பின்னர் வேர் பிடித்துத் தழைக்கும். மனித வாழ்வும் இத்தகையதே. தாம் வளர்ந்த நிலையை விட்டு, வேண்டுங்காலத்து மற்றொரு நிலைக்குச் செல்லும் துணிவு சிலர்க்கே வாய்க்கும். அத்துணிவு வாய்க்கப் பெற்றவருள் ஒருவர் ஓமந்தூர் இராமசாமியார்.

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சி, வல்லம், திண்டிவனம் முதலிய ஊர்களைச் சூழ்ந்த பகுதி வற்றாத பேராறு பாயாத நிலம். ஏரியையும் கிணற்றையும் வானத்தையும் நம்பி, நெல்லும் மணிலாவும் விளைவிக்கும் உழவர் நிறைந்தது. இப்பகுதியில், திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில், 1895 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் இராமசாமியார் பிறந்தார். அவர் பிறந்தது நிலமுடைய உழவர் குடும்பம். அவர் பள்ளிக் கல்வியைத் திண்டிவனத்தில் பெற்றார். பயிரைக் காத்துக் குடும்பத்தைப் பேணி வாழ்ந்திருப்பின், அவருக்கு யாதொரு குறையும் நேர்ந்திராது.

ஆயினும் அவ்வமைதியான வாழ்வு அவருக்கு நிறைவளிக்கவில்லை. நாடு அடிமைப்பட்டுக் கிடக்கையில் தம் வயலின் வரப்போடு கடமை முடிந்துவிட்டதாக அவர் கருதவில்லை. காந்தியடிகளின் வழியில் நின்று, கதர் உடுத்துக் காங்கிரசு இயக்கத்தில் தொண்டாற்றினார். தென்னார்க்காட்டுத் தொண்டர்களுள் முன்னணியில் நின்றார். இஃது அவர் வாழ்வின் முதல் மாற்றம்.

1947 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23 ஆம் நாள் சென்னை மாகாணத்தின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. அந்நாளில் அப்பதவியைப் பிரதம மந்திரி பதவி என்றே வழங்கினர். ஆந்திரத்தின் பெரும்பகுதியும் மலபாரும் தென் கன்னடமும் அம்மாகாணத்தில் அடங்கியிருந்தன. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் 15 ஆம் நாள் நாடு விடுதலை பெற்றபோது, அப்பரந்த மாகாணத்தை ஆண்டவர் இவ்வுழவரே. உயர் பதவி உற்றபின்னும் உடையிலும் உணவிலும் அவர் எளிமை மாறவில்லை.

அவர் ஆட்சிக் காலம் ஈராண்டே. ஆயினும் அக்காலத்தில் நிகழ்ந்தவை பல. ஒடுக்கப்பட்டோர் கோயிலினுள் நுழைந்து வழிபடும் உரிமையை 1947 ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்தது. சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை அவ்வாண்டில் இயற்றிய மற்றொரு சட்டம் தடுத்தது. ஜமீன் முறையை ஒழிக்கும் சட்டம் 1948 ஆம் ஆண்டில் உருவாயிற்று. அவ்வாண்டிலேயே மதுவிலக்கு மாகாணம் முழுமைக்கும் பரவிற்று.

நிருவாகத்தில் நேர்மை பிறழாது நடத்தல் அவர் கொள்கை. பரிந்துரைக்கும் தலையீட்டிற்கும் அவர் இடந்தரவில்லை. அதனால் அவர் கட்சியைச் சார்ந்த சட்டமன்ற உறுப்பினர் பலர் மனக்குறை கொண்டனர். எதிர்ப்பு வளர்ந்தது. 1949 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 6 ஆம் நாள் அவர் பதவியினின்று விலகினார். பூசப்பாடி குமாரசாமி ராஜா அப்பொறுப்பை ஏற்றார்.

மாணவர்களே! ஒருவர் வாழ்வில் கடினமான நாழிகை இதுவே. நேற்றுவரை வாயிலில் காத்து நின்ற கூட்டம் இன்று கலைந்துவிடும். இழந்த பதவியை எண்ணி ஏங்குவோரும், அதனை மீண்டும் பெறச் சூழ்ச்சி செய்வோரும் உலகில் பலர். பழைய வாழ்வு முடிந்தது என்பதை அறிவு ஏற்பினும், உள்ளம் எளிதில் ஏற்பதில்லை. ஓமந்தூரார் அவ்வேக்கத்திற்கு இடந்தராமல் வேறொரு நிலத்தைத் தேடினார். அந்நிலம் வடலூர்.

வடலூர், இராமலிங்க வள்ளலார் 1867 ஆம் ஆண்டில் சத்திய தருமச்சாலையை நிறுவிய ஊர். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிந்து, பசித்தோர்க்கு உணவளித்து வருகின்றது. வள்ளலார்பால் பேரன்பு கொண்டிருந்த ஓமந்தூரார் அவ்வூரையே தம் இருப்பிடமாகக் கொண்டார். சுத்த சன்மார்க்க நிலையத்தை அமைத்தார், ஆதரவற்றோரைப் பேணினார், பிள்ளைகள் பயிலக் குருகுலப் பள்ளியை நிறுவினார். மாகாணத்தை ஆண்ட கைகள் சிறுவரின் உணவையும் கல்வியையும் கருதி உழைத்தன. இது தாழ்வன்று, வளர்ச்சியே.

அவர் பழைய வாழ்வை விட்டாரேயன்றி, அது தந்த பண்புகளை விடவில்லை. உழவு தந்த பொறுமையும் உழைப்பும் ஆட்சிக்கு உதவின. ஆட்சியில் காத்த நேர்மையும் ஒழுங்கும் வடலூர்த் தொண்டிற்கு உதவின. பறித்து நட்ட நாற்று தன் வேரையும் உடன்கொண்டு செல்வது போன்றது இது.

1970 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25 ஆம் நாள் ஓமந்தூரார் மறைந்தார். சென்னையில் அரசினர் தோட்டம் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது. அங்கே இப்போது அரசு மருத்துவமனை நோயுற்றோர்க்குத் துணைபுரிகின்றது. எனினும் அவர் பெருமையை முற்ற அறிய விரும்புவோர் வடலூருக்கும் செல்லுதல் வேண்டும். பதவியில் இருந்தபோது அவர் செய்தவற்றைச் சட்டநூல்கள் கூறும். பதவி நீங்கியபின் அவர் எத்தகையவராய் வாழ்ந்தார் என்பதை, அவ்வூரில் பயிலும் பிள்ளைகளின் குரலே கூறும்.