கோப்பை வாங்கிக் கொடுத்தவருக்கே வேலை போச்சு!
(சர் ஆல்ஃப் ராம்சே வாழ்க்கை வரலாறு)

கால்பந்துன்னா நமக்கு கோல் போடுற வீரர்களைத்தான் தெரியும். மைதானத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மேனேஜரை யாரும் கவனிப்பதில்லை. டீம் ஜெயித்தால் மாலை வீரர்களுக்கு. தோற்றால் முதலில் வேலை போவது மேனேஜருக்கு. அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பிறப்பும் இளமையும்

ஆல்ஃப் ராம்சே 1920-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் தேதி இங்கிலாந்தில் டாகன்ஹாம் என்ற ஊரில் பிறந்தார். ஏழைக் குடும்பம். அப்பா கூலி வேலை செய்தவர். ராம்சே பள்ளிப் படிப்பு முடிந்ததும் மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, சாமான்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டாம் உலகப் போர் வந்ததும் ராணுவத்தில் சேர்ந்தார். அங்கே ஆடிய கால்பந்துதான் அவர் வாழ்க்கையையே மாத்திடுச்சு.

ஆட்டக்காரராக

முதலில் சவுத்தாம்ப்டன் டீம், பிறகு 1949 முதல் லண்டனில் டாட்டன்ஹாம் டீம். அவர் தடுப்பாட்டக்காரர். வேகமாக ஓட மாட்டார். ஆனா பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே யோசித்து அங்கே போய் நிற்பார். அதனால் எல்லோரும் அவரை ஜெனரல் என்று கூப்பிட்டார்கள். இங்கிலாந்துக்காக 32 ஆட்டங்கள் ஆடினார். 1953-ல் வெம்பிளி மைதானத்தில் ஹங்கேரியிடம் இங்கிலாந்து 6-3 என்று தோற்றது. அதுதான் அவருடைய கடைசி சர்வதேச ஆட்டம்.

மேனேஜராக

1955-ல் இப்ஸ்விச் என்ற சின்ன ஊர் டீமுக்கு மேனேஜர் ஆனார். அப்போ அந்த டீம் மூன்றாம் பிரிவில் கிடந்தது. பெரிய விலை கொடுத்து வீரர்களை வாங்கப் பணம் கிடையாது. இருக்கிற ஆட்களை வைத்தே 1957-ல் மூன்றாம் பிரிவில் முதலிடம், 1961-ல் இரண்டாம் பிரிவில் முதலிடம், 1962-ல் முதல் பிரிவிலேயே சாம்பியன்! நாடே ஆச்சரியப்பட்டது.

உடனே இங்கிலாந்து டீமுக்குக் கூப்பிட்டாங்க. அதுவரைக்கும் யார் ஆடணும்னு ஒரு கமிட்டிதான் முடிவு செய்யும். மேனேஜருக்கு அந்த அதிகாரம் இல்லை. ராம்சே அதை ஒத்துக்கொள்ளவில்லை. வீரர்களைத் தேர்வு செய்வது நான் மட்டும்தான் என்று சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகே வந்தார். 1966 உலகக் கோப்பையை இங்கிலாந்து ஜெயிக்கும் என்றும் அடித்துச் சொன்னார். ஆனா அவருடைய முதல் ஆட்டத்திலேயே பிரான்சிடம் 5-2 என்று தோல்வி. பலர் கேலி செய்தார்கள்.

1966 ஜூலை 30

லண்டன் வெம்பிளியில் இறுதிப் போட்டி. எதிரே மேற்கு ஜெர்மனி. புகழ்பெற்ற ஜிம்மி கிரீவ்ஸ் அதற்கு முன் காயம்பட்டிருந்தார். அவர் இடத்தில் ஜெஃப் ஹர்ஸ்ட் ஆடினார். கிரீவ்ஸுக்குக் காயம் ஆறிய பிறகும் ராம்சே ஹர்ஸ்டை மாத்தவில்லை. தோற்றிருந்தால் எல்லோரும் ராம்சேயைத்தான் திட்டியிருப்பார்கள். 90 நிமிடம் முடியும்போது 2-2. வீரர்கள் களைத்துப் போயிருந்தார்கள். யாரும் தரையில் உட்காரக் கூடாது, நாம் சோர்ந்துட்டோம்னு எதிரிக்குத் தெரியக் கூடாது என்று ராம்சே அவர்களை எழுந்து நிற்கச் சொன்னார். கூடுதல் நேரத்தில் இரண்டு கோல் போட்டு 4-2 என்று இங்கிலாந்து ஜெயித்தது. ஹர்ஸ்ட் மட்டும் மூன்று கோல்!

பெஞ்சில் இருந்த எல்லோரும் குதித்தார்கள். ராம்சே மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். 1967-ல் அரசு அவருக்கு சர் பட்டம் கொடுத்தது.

வேலை போன கதை

1970-ல் மெக்சிகோ உலகக் கோப்பை. கால் இறுதியில் 2-0 என்று முன்னால் இருந்தும் மேற்கு ஜெர்மனியிடம் 3-2 என்று தோற்றார்கள். அடுத்து 1973 அக்டோபர் 17, வெம்பிளியில் போலந்துடன் ஆட்டம். ஜெயித்தால்தான் அடுத்த உலகக் கோப்பைக்குப் போகலாம். இங்கிலாந்து வீரர்கள் பந்தை அடித்துக்கொண்டே இருந்தார்கள், போலந்து கோல்கீப்பர் தோமாஷெவ்ஸ்கி தடுத்துக்கொண்டே இருந்தார். 1-1 டிரா. எல்லாம் முடிஞ்சு போச்சு.

1974 மே 1-ஆம் தேதி ராம்சேயை வேலையை விட்டு எடுத்ததாக அறிவிப்பு வந்தது. முழுநேரமாக அந்த வேலைக்கு வந்து சரியாக 11 வருஷம். 113 ஆட்டங்களில் 69 வெற்றி, 27 டிரா, 17 தோல்வி மட்டுமே.

இப்போ சம்பளக் கணக்கைப் பாருங்கள். உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்தவருக்குக் கடைசியில் ஆண்டுச் சம்பளம் 7,200 பவுண்டு. அனுப்பும்போது கையில் கொடுத்தது 8,000 பவுண்டு, அதாவது ஒரு வருஷச் சம்பளத்தை விடக் கொஞ்சம் அதிகம். ஓய்வூதியம் வருஷத்துக்கு 1,200 பவுண்டு. அவருக்குப் பிறகு வந்த டான் ரெவிக்கு இரண்டு மடங்குக்கும் மேல் சம்பளம் கொடுத்தார்கள்! பணம் இல்லாமல் இல்லை, இவருக்குக் கொடுக்கத்தான் மனசு வரலை.

அதே 1974-ல் பிரையன் கிளஃப் என்ற மேனேஜரை லீட்ஸ் டீம் 44 நாளிலேயே அனுப்பிவிட்டது. மேனேஜர் வேலை அப்படித்தான்.

கடைசிக் காலம்

அதன்பின் பர்மிங்ஹாம் டீமில் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு இப்ஸ்விச்சில் மனைவியுடன் அமைதியாக வாழ்ந்தார். கடைசியில் மறதி நோய் வந்தது. 1999 ஏப்ரல் 28-ல் காலமானார். 1966-ல் இறுதிப் போட்டியில் ஆடிய 11 பேருக்குத்தான் பதக்கம் கொடுத்தார்கள், மேனேஜருக்குக் கிடையாது. 2009-ல்தான் ராம்சே பெயருக்கும் பதக்கம் வழங்கினார்கள். அப்போ அவர் இறந்து 10 வருஷம் ஆகிவிட்டது.

முடிவுரை

தோற்றால் ஆளை மாற்றுவது விளையாட்டில் சகஜம். அதை நான் தப்புன்னு சொல்லவில்லை. ஆனா உழைத்தவரை அனுப்பும்போது மரியாதையோடும், உரிய பணத்தோடும் அனுப்ப வேண்டாமா? பதக்கமும் பாராட்டும் ஆள் இருக்கும்போதே கொடுத்தால்தான் அவருக்குச் சந்தோஷம். நண்பர்களே, யோசித்துப் பாருங்கள்!

– 9-ஆம் வகுப்பு மாணவி