பழவேற்காட்டுப் பறவைகளும் பேராசிரியர் தவானும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் எனக்குப் பழவேற்காடு ஏரி பக்கம்தான். ஏரிக்கு அந்தப்புறம் ஸ்ரீஹரிகோட்டா. அங்குள்ள விண்வெளி மையம் தாங்கி நிற்கும் பெயர் சதீஷ் தவான். 1920-ல் ஸ்ரீநகரில் பிறந்தவர். 1951-ல் அமெரிக்காவின் கால்டெக்கில் டாக்டர் பட்டம் பெற்று, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். 1972-ல் இஸ்ரோ தலைவரானார்.

இந்த ஏரிப் பறவைகளைக் கவனித்து, அவை பறக்கும் விதம் பற்றிப் புத்தகமே எழுதினார். இறங்கும்போது பறவை இறக்கையை நிமிர்த்தும். கோணத்தோடு சீராகக் கூடிவந்த தூக்குவிசை, ஓர் அளவு தாண்டியதும் காற்றோட்டம் பிரிந்து சட்டென்று குறைந்துவிடும். தம்பி தங்கைகளே, நீங்கள் வகுப்பில் படிக்கும் ஸ்டால் இதுதான்! கட்டைவிரல் சிறகை விரித்துப் பறவை அதைத் தள்ளிப்போடுகிறது. விமானத்து ஸ்லாட் செய்வதும் அதே வேலைதான்.

1979 ஆகஸ்ட் 10-ல் எஸ்.எல்.வி-3 கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஆனால் பத்திரிகையாளர்கள் முன் பொறுப்பை ஏற்றவர் தவான். 1980 ஜூலை 18-ல் வெற்றி கிடைத்தபோது பேசக் கலாமை அனுப்பினார். 2002-ல் மறைந்தார்.

போன மாதம் என் ஷிப்டில் ஒரு லாட் ரிஜெக்ட் ஆச்சு. செட்டிங் தப்பு என்னோடது. ரிப்போர்ட்டில் ட்ரெயினி பையன் பெயரை எழுதப் போனேன். தவான் ஞாபகம் வந்தது. என் பெயரையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.