கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

1910ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்துக் கலைச் சங்கமொன்றில் இந்தியக் கலை பற்றிய சொற்பொழிவு நிகழ்ந்தது. அக்கூட்டத்திலே ஜார்ஜ் பேர்ட்வுட் என்னும் முதுபெரும் அறிஞர், ஜாவா நாட்டுப் புத்தர் சிலையொன்றின் படத்தைச் சுட்டி, அதனை வேகவைத்த கொழுப்புப் பணியாரத்திற்கு ஒப்பிட்டு இகழ்ந்தார். தியானத்தில் அமர்ந்த திருவுருவம் அவர் கண்ணுக்கு உணர்ச்சியற்ற வெறும் பிண்டமாகத் தோன்றியது. அசைவற்றிருக்கும் அருகன் திருமேனியின் முன் நாள்தோறும் நிற்கும் நமக்கு இச்செய்தி வியப்பளிக்கலாம். ஆயினும் அக்காலத்தில் மேலைநாட்டார் பலருடைய கருத்து அதுவே. கிரேக்கச் சிலைகளின் தசைநாரையும் உடற்கட்டையும் அளவுகோலாகக் கொண்டே அவர்கள் உலகக் கலை முழுவதையும் அளந்தனர். அந்த அளவுகோலே பொருந்தாதது என்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் அவர்கள் மொழியிலேயே எழுதி நிறுவியவர், ஈழம் தந்த தமிழ்மகனார் ஆனந்த குமாரசுவாமி.

அவர் 1877 ஆகஸ்ட் 22ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தையார் சர் முத்து குமாரசுவாமி; சைவத் தமிழர்; அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் இவருக்கு அத்தை மக்கள். தாயார் எலிசபெத், ஆங்கிலப் பெண்மணி. குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன்பே தந்தையார் மறைந்தார். தாயோடு இங்கிலாந்தில் வளர்ந்த பிள்ளை தந்தையின் மொழியையும் நாட்டையும் அறியாமலே இளமையைக் கழித்தது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் பயின்று 1900இல் பட்டம் பெற்றார். கலைக்கும் அவருக்கும் அதுகாறும் தொடர்பு மிகுதியாக இருந்ததென்று கூறுவதற்கில்லை.

1903இல் இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். தோரியனைட் என்னும் கனிமத்தை இனங்கண்டு அறிவியல் உலகில் பெயர் பெற்றவர் இவரே. ஆனால் கல்லைத் தேடிக் கண்டிப் பகுதியின் சிற்றூர்களில் நடந்தவருக்குக் கல்லைக் காட்டிலும் கல்தச்சரே பெரிதாகத் தோன்றினர். கண்டி அரசர் காலத்தில் ஓவியர், பொற்கொல்லர், தச்சர் முதலியோர் தம் பணிக்கு மானியமாக நிலம் பெற்று வாழ்ந்தனர். 1815இல் அரசு வீழ்ந்தபின் ஆதரவும் வீழ்ந்தது. பிள்ளைகள் தொழிலை மறந்தனர். எஞ்சியிருந்த முதியவர்களிடம் அமர்ந்து அவர்கள் கைமுறைகளைக் குறித்துக்கொண்டார். அவர் மனைவியார் எத்தல் படமெடுத்து உதவினார். புத்தர் உருவத்தில் எல்லாம் முடிந்தபின் இறுதியாகக் கண்ணை எழுதும் நேத்திர மங்கலச் சடங்கையும் அவர் விரித்துரைத்தார். நம் கோயில்களில் கண்திறப்பு நிகழ்வதைக் கண்டோர்க்கு இது புதிதன்று. அந்நாழிகை வரை சிற்பியின் கைப்பொருளாக இருந்தது, அதன்பின் வணங்கத்தக்கதாகிறது. அழகு எங்கே தொடங்குகிறது என்னும் வினாவை அவருக்குள் எழுப்பியது இத்தகைய சடங்கே என்று எண்ணத் தோன்றுகிறது.

அந்த ஆய்வு, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலாக 1908இல் வெளிவந்தது. வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய அதே கையச்சுப் பொறியில், குமாரசுவாமியின் சொந்த மேற்பார்வையில் அச்சிடப்பெற்றவை 425 படிகளே. கைத்தொழிலைப் பற்றிய நூலும் கைத்தொழிலாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் விருப்பம்.

பின்னர் இந்தியா முழுவதும் சுற்றினார். இராஜபுதன ஓவியங்களை மொகலாய ஓவியங்களினின்று வேறுபிரித்துக் காட்டியவர் அவரே. தாம் திரட்டிய ஓவியங்களையும் சிற்பங்களையும், காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைக்கப்பெறின் அதற்கே அளிக்க முன்வந்தார். பொருள் திரளவில்லை, யாரும் செவிசாய்க்கவில்லை. முதல் உலகப் போரில் ஆங்கிலேயருக்காகப் படையில் சேர மறுத்தவர், 1917இல் அமெரிக்கா சென்றார். அவருடைய தொகுப்பை டென்மன் ராஸ் என்பார் விலைகொடுத்து வாங்கிப் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திற்கு வழங்கினார். தொகுப்போடு குமாரசுவாமியும் அங்கேயே இந்தியக் கலைப்பிரிவின் காப்பாளரானார்.

சமணர்களாகிய நாம் அவருக்குக் கடமைப்பட்டிருப்பது இங்கேதான். 1924இல் அவ்வருங்காட்சியகத்தின் இந்தியத் தொகுப்பு அட்டவணையில் ஒரு பகுதி முழுவதையும் சமண ஓவியங்களுக்கும் சுவடிகளுக்கும் ஒதுக்கி எழுதினார். அவை பெரும்பாலும் குசராத்துப் பகுதிச் சுவேதாம்பர ஏடுகள். கல்பசூத்திரமும் காலகாசாரியர் கதையும். வணிகப் பெருமக்கள் சாஸ்திர தானமாக எழுதுவித்து முனிவர்களுக்கு அளித்தவை. மகாவீரர் அன்னையார் கண்ட கனவுகள் அவற்றில் பதினான்கு; பிரியகாரிணித் தாயார் கண்டவை பதினாறு என்று கொள்ளும் நம் திகம்பர மரபினர் இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொள்க. பனையோலையை விட்டுக் காகிதத்திற்கு மாறிய பின்னரும் ஏட்டின் நீண்டு குறுகிய வடிவம் மாறவில்லை. கயிறு கோக்கும் துளை தேவையற்றுப் போன பின்பும் அதன் இடத்தில் ஒரு வட்டத்தை வண்ணத்தால் எழுதி வைத்தனர். பக்கவாட்டு முகத்தின் அப்பாலுள்ள கண்ணும் முகத்தைக் கடந்து வெளியே நீண்டு நிற்கும். ஓவியர்க்கு வரையத் தெரியவில்லை என்றே பலரும் கருதிய இப்படங்களில் குமாரசுவாமி வேறொன்றைக் கண்டார். அவை ஒரு பொருளைப் பார்த்து எழுதிய படங்கள் அல்ல. இசைக்குச் சுரம் எழுதிய தாளைப் போன்றவை. மூலப் பாடமும் ஓவியமும் ஒரே கோட்பாட்டை ஒரே சுருதியில் கூறுகின்றன என்று விளக்கினார். திருப்பருத்திக்குன்றத்து விதான ஓவியங்களையும் திருமலை ஓவியங்களையும் நம் பிள்ளைகளுக்குக் காட்டும்போது இவ்விளக்கம் எனக்குப் பெரிதும் துணைநின்றது. என் இளமையில் சிற்றூர்க் கோயிலொன்றில், மங்கிப்போன சுவரோவியத்தின் மேல் விழாவுக்காகச் சுண்ணாம்பு பூசப்பெற்றதைக் கண்டவன் நான். பூசியவர்களும் பக்தியோடுதான் பூசினார்கள்.

புத்தர் உருவம் கிரேக்கர் கொடையே என்று பிரெஞ்சு அறிஞர் பூஷே கூறியதை 1927இல் மறுத்து எழுதினார். மதுராவின் யக்கர் சிலைகளிலும், யோகநிலையில் அமர்ந்த உருவங்களிலும் அதன் வேர் இந்நாட்டிலேயே உள்ளது என்பது அவர் வாதம். அந்நகரத்துக் கங்காளி மேட்டில் கிடைத்த ஆயாகபட்டங்களின் நடுவே ஜினர் அமர்ந்திருப்பதை அறிந்தவர்க்கு அவ்வாதத்தின் வலிமை எளிதில் விளங்கும். காந்தாரத்தின் பங்கை அவர் சற்றே குறைத்து மதிப்பிட்டார் என்பாரும் உளர். அதிலும் ஓரளவு நியாயமுண்டு.

பிற்காலத்தில் அவர் பார்வை மேலும் விரிந்தது. பிளாட்டோவையும், தாமஸ் அக்குவினாஸையும், எக்கார்ட்டையும் நம் சாத்திரங்களோடு ஒருங்கு வைத்துப் படித்தார். ஐரோப்பாவின் இடைக்காலத் தேவாலயங்களைக் கட்டிய தச்சரும் நம் சிற்பியரும் ஒரே நெறியினர். பெயரைப் பொறிக்காமல், வழிபாட்டின் தேவைக்காகவே உருவம் சமைத்தவர்கள். தனித்தன்மையைத் தேடி அலையும் இக்காலக் கலைஞரே விதிவிலக்கு என்பது அவர் துணிபு. அருங்காட்சியகத்தில் பணிபுரிந்துகொண்டே, பொருள்களை அவற்றின் இடத்தினின்று பெயர்த்து வைக்கும் அருங்காட்சியகத்தையே அவர் வினவினார்.

1947 ஆகஸ்டில் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. பாஸ்டனில் அன்பர்கள் விருந்தளித்தனர். பணியினின்று ஓய்வுபெற்று, இந்தியா திரும்பி இமயமலைச் சாரலில் எஞ்சிய நாளைக் கழிக்கும் எண்ணத்தை அங்கே வெளியிட்டார். மூன்று வாரமும் செல்லவில்லை. செப்டம்பர் 9ஆம் நாள் நீதம் என்னும் ஊரில் தம் இல்லத்தே காலமானார். அவர் தொகுத்த கல்பசூத்திர ஏடுகள் பாஸ்டனிலேயே இருக்கின்றன.