உயரமும் உயர்வும் - நடிகர் ஆலன் லாட்

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது நம்மவர் வழக்கு. அதைக் கேட்கும் கடுகுக்கு ஆறுதல் கிட்டிற்றா என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஹாலிவுட் நடிகர் ஆலன் லாட்டின் வாழ்வு நம்மை அவ்வாறு எண்ண வைக்கின்றது.

1913ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் லாட் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். தாய் மறுமணம் செய்துகொண்டபின் குடும்பம் வறுமையோடு கலிபோர்னியா சேர்ந்தது. பள்ளித் தோழர்கள் அவருக்கு இட்ட பெயர் 'டைனி'. மிகச் சிறியவன் என்பது பொருள். நீச்சலில் சிறந்து விளங்கியும் அப்பெயர் நீங்கவில்லை. பின்னர்ப் பிழைப்புக்காகத் தொடங்கிய சிற்றுண்டிக் கடைக்கும் அப்பெயரையே வைத்தார்.

வளர்ந்தபின் அவர் உயரம் ஏறத்தாழ 5 அடி 6 அங்குலம். நம் தெருக்களில் எவரும் குறையாகக் கருதாத உயரம். ஆனால் கேரி கூப்பர், ஜான் வெயின் போன்ற ஆறடிக்கு மேற்பட்ட நாயகர்கள் உலவிய ஹாலிவுட்டில் அது குறையாயிற்று. படப்பிடிப்புத் தளத்தில் உடலுழைப்பு, சிறு வேடங்கள், வானொலி நாடகங்கள் என ஆண்டுகள் கழிந்தன. வானொலி எவர் உயரத்தையும் அளப்பதில்லை. அதில் ஒலித்த குரலைக் கேட்டே, நடிகையாயிருந்து முகவராகிய சூ கரோல் அவரைத் தேடினார்; 1942இல் அவர்தம் மனைவியும் ஆனார்.

அவ்வாண்டிலேயே 'திஸ் கன் ஃபார் ஹையர்' படத்தில் கூலிக் கொலைஞனாக நடித்துப் புகழ் பெற்றார். உடன் நடித்த வெரோனிகா லேக் ஐந்தடியையும் எட்டாதவர். இருவரும் நான்கு படங்களில் இணைந்தனர். உயரமானவர்களோடு நடிக்க நேர்ந்தபோது லாட்டின் காலடியில் பலகை இட்டனர். அன்றேல் எதிரே நிற்பவருக்குப் பள்ளம் தோண்டினர். 1957இல் வெளிவந்த 'பாய் ஆன் எ டால்பின்' படத்திற்காகச் சோஃபியா லாரன் அத்தகைய பள்ளத்தில் நடந்தார்.

பலகையும் பள்ளமும் தர இயலாத உயரத்தை அவருக்கு அளித்தது ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கிய 'ஷேன்' (1953). அக்கதை பெரிதும் ஒரு சிறுவனின் பார்வையில் நிகழ்கின்றது. சிறுவன் அண்ணாந்து நோக்கும் மனிதனை எவர் அளவுகோல் கொண்டு அளப்பார்? எதிரியாக வந்த ஜாக் பேலன்ஸ் ஆறடியைத் தாண்டிய நெடியவர். எனினும் பார்த்தோர் உள்ளத்தில் உயர்ந்து நின்றவர் லாட்டே.

உலகம் மறந்த அக்குறையை அவர் மறக்கவில்லை என்பர் அவர் வரலாறு எழுதியோர். தம் நடிப்பையும் அவர் குறைத்தே மதிப்பிட்டார். மதுப்பழக்கம் அவரை வாட்டியது. 1964 ஜனவரி 29 அன்று, மதுவும் மயக்க மருந்தும் கலந்ததன் விளைவால், ஐம்பதாம் வயதில் மறைந்தார்.

வகுப்பறையில் ஒரு மாணவனைக் 'குட்டை' என்று பிறர் அழைக்க, நாமும் புன்னகைத்து வருகைப் பதிவைத் தொடர்ந்ததுண்டு. விளையாட்டாய் இட்ட பெயரை அவன் எத்தனை ஆண்டு சுமப்பான் என்று அன்று நாம் எண்ணவில்லை. இனி அப்பெயர் ஒலிக்குமிடத்தில் பதிவேட்டை மூடிவைத்து, அவன் பெற்றோர் இட்ட பெயரால் அவனை அழைப்போம்.